ஏரி தளியில் குடியிருந்த நாலரை வருஷம்

2003ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்காலுக்கு, ஜூஜுவாடிக்குக் கிழக்கே உள்ள பில்லசந்திரத்தின் ஏரி எழுந்து ஊரை விட்டுப் போயிற்று. வற்றவில்லை, கரையை உடைத்துக்கொண்டு ஓடவும் இல்லை. எழுபது ஏக்கர் தண்ணீரும் கெண்டை, விரால், ஆமை, தவளை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு மதகுப் பக்கமாகக் கரையேறி, மாந்தோப்பின் ஓரமாக நடந்து நெடுஞ்சாலைக்கு வந்தது. அங்கே தன்னை ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு ஒடுக்கிக்கொண்டு நின்றது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதி முதலில் பெங்களூர்ப் பக்கம் போகும் லாரிகளையும், பிறகு கிருஷ்ணகிரிப் பக்கம் போகும் லாரிகளையும் நிறுத்தினார். ஏரி சாலையைக் கடந்து முடிக்க இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. தார் மேல் ஒரு சொட்டு சிந்தவில்லை. கடைசியாக ஒரு நீர்க்கோழி ஐந்து குஞ்சுகளோடு அவசரமாகப் போனதையும், அதற்காகப் போலீஸ்காரர் இன்னும் ஒரு நிமிடம் கையை இறக்காமல் நின்றதையும், வண்டியில் எட்டு சோலார் ஹீட்டர் ஏற்றிக்கொண்டு காத்திருந்த டிரைவர் மாரிமுத்து தன் கண்ணால் பார்த்தார். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. ஆகையால் ஏரி காணாமல்போன விவரம் தருமபுரி மாவட்டத்துக் கோப்புகளில்தான் கிடக்க வேண்டும்.

ஏரி ஓசூர் ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு, தளி ரோட்டு ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி போகும்வரை நின்று, மூன்று மணி வாக்கில் தளிக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மா என்பவரின் பூந்தோட்டத்தை அடைந்தது. அங்கே கல் எடுத்துக் கைவிட்ட ஆழமான பள்ளம் ஒன்று இருந்தது. எழுபது ஏக்கர் ஏரி இரண்டு ஏக்கர் பள்ளத்தில் எப்படி அடங்கிற்று என்று பிற்பாடு வந்து அளந்தவர்கள் கேட்டார்கள். பட்டுச்சேலை பெட்டியில் அடங்குகிற மாதிரிதான், மடித்துக்கொண்டு அடங்கிற்று என்று வெள்ளையம்மா சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

பில்லசந்திரத்தில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஏரிக்குக் கீழே ஆறு ஏக்கரில் ராகியும் தக்காளியும் போட்டுவந்த சென்னகிருஷ்ணன், கங்கம்மாவுக்கு இரண்டு வருஷமாகப் பொங்கல் வைக்காததுதான் என்று முடிவுகட்டி, ஊரைக் கூட்டிப் பொங்கல் வைத்தார். ஏரி வரவில்லை. வேப்பனப்பள்ளிக்குப் போய்க் குறி கேட்டார். குறி சொன்னவர் கோபம் மேற்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு அறுநூறு அடிக்கு போர் போட்டுப் பார்த்தார், புகைபோலக் கல்மாவுதான் வந்தது. சந்திரம் என்பது சமுத்திரம் என்ற சொல்லின் தேய்வு, அந்தப் பக்கத்தில் ஏரியுள்ள ஊர்களுக்கெல்லாம் அப்படித்தான் பெயர். ஏரி போனபின் டவுன் பஸ் கண்டக்டர் சந்திரத்தை விட்டுவிட்டு, பில்ல எறங்கு, பில்ல எறங்கு என்று பாதிப் பெயரை மட்டும் கூவ ஆரம்பித்தார். யாரும் அவரோடு சண்டைக்குப் போகவில்லை.

ஏரி போனதைக் கேட்டு ஆச்சரியப்படாதவள் அந்த வட்டாரத்தில் ஒருத்தி மட்டும் இருந்தாள். மாரிமுத்துவின் மனைவி பவளம். எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரி. கல்யாணமான கையோடு புருஷனுடன் ஓசூருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி மாடியில் வைக்கும் சோலார் வெந்நீர் ஹீட்டர் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. ஊரில் அதைச் சுடுதண்ணி கம்பெனி என்றுதான் சொல்வார்கள். அதில் மாரிமுத்து வண்டி ஓட்டினார், பவளம் முலாம் பூசும் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டாள். சோலார் ஹீட்டரின் உயிர் உள்ளே இருக்கும் செம்புத் தகட்டில் இருக்கிறது. செம்பு பளபளவென்று இருந்தால் வெயிலைத் திருப்பி அடித்துவிடும், கறுப்பாக இருந்தால்தான் விழுங்கும். பெயின்ட் அடித்தால் இரண்டு வருஷத்தில் உரிந்துபோகும். அதனால் தகட்டை ஆசிடில் கழுவி, நிக்கல் ஏற்றி, அப்புறம் குரோமியத் தொட்டியில் முக்கிக் கரண்ட் விட்டால் காக்கைச் சிறகுபோல ஒரு கறுப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். தகடு சரியாகக் கறுத்திருக்கிறதா என்று மீட்டர் சொல்வதற்கு முன்னால் பவளம் சொல்லிவிடுவாள். கறுத்த தகட்டை மூன்று தொட்டிகளில் அலச வேண்டும். அந்த அலசல் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அதைச் சுத்தம் செய்ய ஒரு தொட்டி இருந்தது, ஆனால் ஆர்டர் குவிகிற மாதங்களில் அது போதாது. மழை பெய்யும் சாயங்காலங்களில் பின்பக்கத்து வால்வைத் திறந்தால் மஞ்சள் தண்ணீர் வாய்க்காலின் செந்தண்ணீரோடு கலந்து, நிறம் தெரியாமல் ஏரிக்குப் போய்விடும். திற என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை. ஏழு மழைக்காலம் அந்த வால்வைத் திருகியது பவளத்தின் கை. அந்தக் கையில் இரண்டு விரல்களில் மிளகு அளவுக்குக் குழிப்புண் இருந்தது. அந்த செக்‌ஷனில் வேலைசெய்த பதினான்கு பேருக்கும் அப்படி இருந்தது. மழைக்கு ஜன்னலைச் சாத்தினால் தொட்டி ஆவியில் மூக்கிலிருந்து இரத்தம் கசியும்.

ஏரி போய் இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பவளம் தளி பஸ் ஏறினாள். வெள்ளையம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சாமந்தியும் ரோஜாவும் போட்டிருந்தார். வந்தவள் எந்த ஊர், எதற்கு வந்தாள் என்று கேட்காமலே ஏரி வந்த கதையைச் சொன்னார்.

“வேலிகிட்ட வந்து நின்னுச்சிம்மா. நான் பூ பறிச்சிக்கினு இருந்தேன். நின்னது நின்ன மாதிரியே நிக்குது, உள்ள வரல. சரி, வந்துட்ட, பின்ன என்ன, பள்ளத்துல எறங்கு, பாத்திய மிதிக்காத அப்படின்னேன். ஒரு செடிய மிதிக்கல.”

பவளம் பள்ளத்துக்குள் இறங்கும் கல்படிகளில் இறங்கினாள். கடைசிப் படியில் அவள் காலை வைத்தபோது தண்ணீர் ஒரு சாண் பின்னால் போயிற்று. இன்னொரு எட்டு வைத்தாள், இன்னொரு சாண் போயிற்று. வெள்ளையம்மா குடத்தோடு இறங்கினால் அதே தண்ணீர் அவர் கணுக்காலுக்கு வந்து ஏறிக்கொண்டது. இதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டு, அவளுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பவளம் போனாள். தண்ணீர் விலகியது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் வெள்ளையம்மா பூத் தொடுத்துக்கொண்டே, அதுக்கு நீ இன்னா பண்ண என்று கேட்டார். பவளம் வால்வைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது தன் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். வெள்ளையம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எங்கிட்ட சொன்னா ஆச்சா, தொறந்தது எங்கியோ அங்க போயி சொல்லு என்றார்.

கம்பெனி முதலாளி பிரதாப்புக்கு அப்போது முப்பத்தாறு வயது. இன்ஜினியர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அப்பா கொடுத்த நிலத்தை விற்று இந்தத் தொழிலில் போட்டவர். வெயிலைப் பிடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கிற தொழிலைவிடச் சுத்தமான தொழில் உலகத்தில் இல்லை என்று மனப்பூர்வமாக நம்பியவர். திங்கட்கிழமை காலையில் பவளம் அவர் அறைக்குள் போய் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“வால்வத் தொறந்தது நாந்தான் சார். ஏழு வருசமா. நீங்க தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த ஏரிக்குத் தெரிஞ்சிருச்சு.”

நாம் செய்யாவிட்டால் வீட்டுக்கு வீடு விறகும் கரண்டும்தானே எரியும், ஆயிரக்கணக்கான மாடிகளில் நாம் புகையை நிறுத்தியிருக்கிறோமே என்று பிரதாப் கேட்டார். அவருடைய கேள்வி பொய்யும் இல்லை. பவளம், தளிக்கு ஒருதரம் வாங்க சார் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மத்தியானம் மாரிமுத்து வண்டியில் மூன்று பேரும் போனார்கள். பிரதாப் கல்படியில் இறங்கியதும் தண்ணீர் சாண் கணக்கில் விலகவில்லை. நாற்பது அடிக்கு மேல் விலகி, எதிர்ப்பாறையில் ஏறி ஒட்டிக்கொண்டது. பள்ளத்தின் அடி வெளியே தெரிந்தது. அவசரத்தில் கூட்டிக்கொண்டு போக முடியாத கெண்டைகள் சேற்றில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிரதாப் ஒரு படி பின்னால் ஏறினார். தண்ணீர் இறங்கவில்லை. மேலே வந்தார், வேலிக்கு வந்தார், ரோட்டுக்கே வந்தார். மீன்கள் துள்ளுவது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஏரி மெல்ல இறங்கி மீன்களை மூடிக்கொண்டது. திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கேட் மூடியிருந்தது. அலசுற தண்ணியில எவ்வளவு நாமளே வெச்சுக்க முடியும் பவளம் என்று அங்கே பிரதாப் கேட்டார். பவளம் கேட் திறக்கும்வரை யோசித்துவிட்டு, முழுசும் வெச்சுக்கலாம் சார், மெனக்கெடணும் என்றாள்.

மறுநாள் வால்வைக் கழற்றிக் குழாயின் வாயில் சிமென்ட் போட்டு அடைத்தார்கள். அன்றிலிருந்து உற்பத்தி பாதியாயிற்று. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதில் ஒரு வழி பிடிபட்டது. முன்பு மூன்று தொட்டிக்கும் தனித்தனியாகப் புதுத் தண்ணீர் விட்டுக் கொட்டுவார்கள். இப்போது கடைசித் தொட்டிக்கு மட்டும் புதுத் தண்ணீர் விட்டு, அதையே பின்னோக்கி இரண்டாவதற்கும் முதலாவதற்கும் கொண்டுவந்தார்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதுமென்று ஆயிற்று. முதல் தொட்டியில் சேர்ந்த மஞ்சளை என்ன செய்வது என்று திகைத்து நின்றபோது, பவளம் குடோனில் கிடந்த ஹீட்டர்களைக் காட்டினாள். கண்ணாடியில் கீறல் விழுந்து விலைபோகாதவை, இருபத்து நான்கு. அவற்றையே கூரைமேல் ஏற்றி, மஞ்சள் தண்ணீரை அதன் சூட்டிலேயே ஆவியாக்கினார்கள். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகச் சுத்தமான தண்ணீராகி அலசும் தொட்டிக்கே திரும்பிற்று. அடியில் தங்கிய குழம்பைச் சோதித்துப் பார்த்தால், அது அவர்கள் பீப்பாய் பீப்பாயாக வாங்கிக் கறுப்புத் தொட்டியில் ஊற்றும் அதே மருந்து. ஏழு வருஷமாக வாங்கிய மருந்தில் பெரும்பங்கை வாய்க்காலுக்கு வார்த்திருக்கிறோம் என்று தெரிந்த அன்று பிரதாப் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். எந்த வெயிலை விற்றார்களோ அந்த வெயில்தான் அவர்கள் அழுக்கைக் கழுவ வேண்டியிருந்தது. அது ஒருநாளும் மறுக்கவில்லை.

ஊருக்குச் சொல்லும் வேலை பாக்கி இருந்தது. அதைப் பிரதாப்பே போய்ச் சொன்னார், பவளம் கூட நின்றாள். சென்னகிருஷ்ணன் சத்தம் போடவில்லை. தெலுங்கில் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு மாதம் கம்பெனி ஆட்கள் எவரிடமும் அவர் பேசவில்லை. பவளம் பஸ்ஸில் ஏறினால் எழுந்து இறங்கிவிடுவார், வெயிலில் நடந்தே போவார். அது அவளுக்குத் தண்ணீர் விலகியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கம்பெனி ஆட்கள் ஞாயிறு தவறாமல் வாய்க்காலில் இறங்கி மஞ்சள் படிந்த மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்தார்கள். அந்த மண்ணை எங்கேயாவது கொட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது, நம்ம தப்பு நம்ம காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கணும் என்று பிரதாப் சொல்லி, வளாகத்திலேயே சிமென்ட் குழி கட்டிப் பத்திரமாக மூடினார். பதினெட்டாவது ஞாயிற்றுக்கிழமை கூடைகளுக்கு நடுவே ஒரு டிராக்டர் வந்து நின்றது. சென்னகிருஷ்ணன் இன்ஜினை அணைக்காமலே, கூடையில சொமந்தா உங்க ஆயுசு முடிஞ்சிரும், இதுல போடுங்க என்றார். அந்த வருஷ மழைக்கு முன்னால் வாய்க்கால் அடிவரை சுத்தமாயிற்று. கரையில் வெட்டிவேரும் கோரையும் நட்டார்கள். கம்பெனிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் முழுதும் வாய்க்காலுக்கு இறங்கும்படி தகரக் குழாய் வைத்தார்கள். கம்பெனி பூமியிலிருந்து எடுப்பதைவிடக் கூரையிலிருந்து திருப்பித் தருவது கூடுதல் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஏரிதான் இல்லை. தண்ணீர் வந்து காலியான ஏரிக்குள் சற்றுநேரம் நின்று, யாரும் வீட்டில் இல்லாததைக் கண்டதுபோல மண்ணுக்குள் போய்விடும்.

இதற்கிடையில் பதினான்கு பேரின் கைகளிலும் குழிப்புண் ஆறிற்று. மூக்கில் இரத்தம் வருவது நின்றது. முன்பெல்லாம் அந்த செக்‌ஷனில் ஆறு மாதத்துக்கு மேல் ஆள் தங்காது, இப்போது ஒருவரும் போகவில்லை. பெங்களூர் டீலர் ஒருவர் மட்டும், சாக்கடைக்கு ஹீட்டர் மாட்டுன முதல் ஆளு நீங்கதான் என்று போனில் சிரித்தார். சிரிப்போடு தன் ஆர்டரையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். பிரதாப் காரை விற்றுவிட்டு மாரிமுத்துவின் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வரத் தொடங்கினார். அந்தப் பயணங்களில்தான் அடுத்த யோசனை வந்தது. பெங்களூருக்கு நிறைந்து போகும் வண்டி காலியாகத் திரும்புகிறது. அங்கே மாடிக்கு மாடி, ஆயுள் முடிந்த பழைய பேனல்கள் மழையில் கிடக்கின்றன. பழசைக் கொடுத்தால் புதுசில் விலை குறையும் என்று அறிவித்ததும் வண்டி இரண்டு பக்கமும் நிறைந்து ஓடிற்று. பழைய செம்பைப் பிரித்து, நிமிர்த்தி, கழுவி, மறுபடி கறுப்பேற்றினார்கள். பழைய செம்புக்கு அது இருந்த வீட்டின் வழக்கம் போகாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். மல்லேஸ்வரத்தில் பதினான்கு வருஷம் ஒரு புரோகிதர் வீட்டு மாடியில் இருந்த தகடு, புதுச் சட்டத்தில் போட்ட பிறகும் காலை நாலரை மணிக்கு, வெயில் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சூடாயிற்று. அதை ஜூஜுவாடி டீக்கடைக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். 2006இல் செம்பின் விலை யாரும் நினைக்காத உயரத்துக்கு ஏறி, பல கம்பெனிகள் ஆர்டர் வாங்குவதையே நிறுத்தியபோது, சுடுதண்ணி கம்பெனியின் பின்கொட்டகையில் பழைய செம்பு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிரித்த டீலர் நேரில் வந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பவளம் அவருக்கு இரண்டு முறை டீ கொடுத்து அனுப்பினாள். சாக்கடை பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆனால் அதே வருஷம் காலி ஏரிக்குள் சிவப்புக் கொடிகள் முளைத்தன. ஓசூரைச் சுற்றி நிலத்தின் விலைக்கு இறக்கை முளைத்திருந்த காலம் அது. வெளியூர் மனை வியாபாரிகள் சிலர் ஏரிக்குள் கயிறு பிடித்து மனை பிரித்து, நுழைகிற இடத்தில் வளைவு ஒன்றும் கட்டி, லேக் வியூ கார்டன் என்று எழுதிவைத்தார்கள். ஐந்து வருஷம் தண்ணீர் நிற்காத ஏரி ஏரியே இல்லை என்று மனுவும் கொடுத்திருந்தார்கள். 2008 பிப்ரவரியோடு ஐந்து வருஷம் முடியும். சென்னகிருஷ்ணன் ஊரைக் கூட்டி எதிர்மனு கொடுத்தார். மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரி, ஏரி இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க, எங்கே இருக்குது என்று நியாயமாகத்தான் கேட்டார். தளியில் என்று சொல்வதற்கு ஊராருக்கு வாய் வரவில்லை.

அதைச் சொல்லத்தான் பவளம் தளிக்குப் போனாள். நான்கு வருஷமாக மாதம் ஒருமுறை அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர் அவளைக் கண்டு விலகுவது குறைந்து குறைந்து இப்போது விரல்கடை அளவில் நின்றிருந்தது, ஆனால் நின்றே இருந்தது. வெள்ளையம்மாவிடம் ஏரியைத் திருப்பிக் கேட்பது எப்படி என்று பஸ்ஸிலேயே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்துத் தோட்டக்காரர் நான்கு பேரும் அந்தத் தண்ணீரில்தான் பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்ததும் வெள்ளையம்மா பூக்கூடையைக் கீழே வைத்தார். பிறகு, “அது இன்னா கட்டிப்போட்ட மாடா, அவுத்து உட? நான் கூப்பிட்டு வல்ல, நான் போவச் சொல்லவும் மாட்டேன். கேட்டுப் பாக்கறேன். அதுக்கு இஷ்டம்னா அது வரட்டும்” என்றார். சொல்லும்போது அவர் முகம் வாடித்தான் இருந்தது. பவளம் அதைப் பார்த்துவிட்டு, கேட்டிருக்கக்கூடாதோ என்று ஊர் வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தாள்.

2007 ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, வெள்ளையம்மா பித்தளைக் குடம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து கம்பெனி வாசலில் இறங்கினார். குடத்தில் ஏரியின் ஒரு பங்கு இருந்தது. ஒரு கெண்டைக்குஞ்சும் இருந்தது. பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பிச்சிக்குது என்று மட்டும் சொல்லி, வாய்க்காலின் தலையில் குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் ஒரு கை அகலத்துக்கு ஓடி, வெட்டிவேரின் காலைத் தடவிப் பார்த்து, அடைத்த குழாயின் வாயருகே சற்றுத் தயங்கி நின்று, காம்பவுண்டைச் சுற்றிக்கொண்டு ஷட்டருக்கு அடியில் நுழைந்து முலாம் செக்‌ஷனுக்குள் வந்தது. எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது ஒவ்வொரு தொட்டியையும் ஒருமுறை சுற்றிற்று. பிரதாப் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அது அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே போயிற்று, விலகவில்லை. சொட்டுச் சொட்டாக விழும் சுத்தத் தண்ணீருக்கு அடியில் கொஞ்சநேரம் நின்று நனைந்துவிட்டு, வந்த வழியே போய்க் குடத்துக்குள் ஏறிக்கொண்டது. எல்லாவற்றுக்குமாக அரைமணி நேரம் ஆயிற்று. வெள்ளையம்மா கேன்டீனில் சாப்பிட்டார், ரசம் நன்றாக இருக்கிறது என்றார், இரண்டு மணி பஸ்ஸில் குடத்தோடு திரும்பிப் போனார்.

ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு மாரிமுத்து ரயில்வே கேட்டிலிருந்து செல்போனில் பேசினார். ஏரி வந்துக்கிட்டிருக்கு, எனக்கு முன்னால நிக்கிது என்றார். பவளம் கையுறையைக் கழற்றிவிட்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். சென்னகிருஷ்ணன் ஏற்கெனவே நின்றிருந்தார், யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. முதலில் கொக்குகள் வந்தன. அப்புறம் மண்வாசனை வந்தது. அப்புறம் ஏரி நெடுஞ்சாலையைக் கடந்து, மாந்தோப்பு ஓரமாக இறங்கி, அவசரமில்லாமல் வந்தது. பவளம் பழக்கத்தில் பின்னால் நகரப் போனாள். நகராதம்மா என்றார் சென்னகிருஷ்ணன். நான்கு வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் அம்மா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. தண்ணீர் வந்து அவள் பாதத்தை மூடிற்று, கணுக்காலுக்கு ஏறிற்று, ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் அங்கேயே நின்றது. குளிர்ச்சியாக இருந்தது. அவள் அழுதாளா என்று பின்னால் கேட்டவர்களுக்கு, அந்தத் தண்ணியில எது என்னுதுன்னு எப்படித் தெரியும் என்று சொன்னாள். பிறகு ஏரி தன் இடத்துக்குப் போய் மடிப்புகளைப் பிரித்து விரித்துக்கொண்டது. சிவப்புக் கொடிகள் வரிசையாக மிதந்து மதகுக்குப் போயின. நான்கு நாள் கழித்து அளந்து பார்த்ததில் எழுபத்து மூன்று ஏக்கர் இருந்தது. மனை வியாபாரிகள் கட்டிய வளைவு இன்றைக்கும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. அதில் எழுதியிருப்பது உண்மைதான் என்பதால் யாரும் இடிக்கவில்லை.

வெள்ளையம்மா அன்று மாலை காலியான பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகத் தளியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பவளமும் சென்னகிருஷ்ணனும் டிராக்டரில் தண்ணீர்த் தொட்டி வைத்துக் கொண்டுபோய் அவர் சாமந்திக்கு ஊற்றிவிட்டு வந்தார்கள். மூன்று மாதம் அப்படி ஊற்றினார்கள். பிறகு தை மாதம் பிறந்து எட்டாம் நாள், பில்லசந்திரத்தில் ராகி அறுவடை முடிந்து ஏரிக்கு வேலை இல்லாதிருந்த சமயத்தில், அது எழுந்து தளிக்குப் போயிற்று. ஊர் இந்த முறை கலங்கவில்லை, சிலர் கையாட்டினார்கள். ஆடியில் மழை பிடித்ததும் திரும்பி வந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பூப்பருவத்துக்குத் தளி, பயிர்ப்பருவத்துக்குப் பில்லசந்திரம் என்று அதுவாக வைத்துக்கொண்டதுதான், எவரும் பேசி முடிக்கவில்லை. தளியில் இருந்த மாதங்களில் ஏரி இந்தப் பக்கம் இல்லையென்று எவரும் மனு கொடுக்கவில்லை. வேலைக்குப் போனவர் வீட்டில் இல்லை என்பதற்காக வீடு அவருடையது இல்லை என்று ஆகுமா என்று சென்னகிருஷ்ணன் ஒருமுறை கேட்டது எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

2009 ஆடியில் ஒரு நாள், முலாம் செக்‌ஷனில் தகடுகள் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பவளத்துக்கு வெள்ளையம்மாவிடமிருந்து போன் வந்தது. ஊரிலிருந்து பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டுப் பேசுகிற குரல்தான்.

“பவளம், கெளம்பிடுச்சிம்மா. ஒம்பதரைக்கு ரோட்டுல எறங்குச்சி. வழியில எங்கியும் நிக்கலன்னா பன்னெண்டுக்குள்ள வந்துரும். இந்த வாட்டி கூட ரெண்டு நாரை சேந்துக்கினு வருது, புதுசு. பாத்துக்க.”

சரிக்கா, நான் பாத்துக்கிடுதேன் என்றாள் பவளம். போனை வைத்துவிட்டு, பின்வாசலில் நின்ற வண்டியை நகர்த்தி வைக்கும்படி மாரிமுத்துவிடம் சொன்னாள். அவர் நகர்த்தினார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏரி கம்பெனியைத் தாண்டிப் போயிற்று. செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த சுவாதி என்ற சேலத்துப் பெண் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மற்றவர்கள் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கறுப்பு ஏறுகிற சமயத்தில் கண்ணை எடுக்கக்கூடாது. அன்றைய ஷிப்டில் நூற்றுப் பன்னிரண்டு தகடுகள் முடிந்தன.